சங்கிலிக் காசு

பழங்காசு சேர்ப்பவர் என்றவுடனே பொன்னையும் வெள்ளியையும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் தனவந்தர் ஒருவரே நம் மனக்கண்முன் வந்து நிற்பார். ஆனால் அமெரிக்காவிலோ, டாலரில் நூறில் ஒரு பங்கே மதிப்புள்ள செப்புக் காசை, கறுத்தும் தேய்ந்தும் போன நிலையிலேயே, பொன்னினும் மேலாகப் போற்றுகிற ரசிகர் கூட்டம் ஒன்று உண்டு.

பிலடெல்பியா நாணயசாலை 1793 மார்ச் மாதத்தில் அடித்து வெளியிட்ட முதல் சென்ட் காசுகள் 36,103. முன்புறத்தில் கூந்தல் பறக்கும் சுதந்திர தேவியின் முகம். பின்புறத்தில் பதினைந்து கண்ணிகள் கோத்த வட்டச் சங்கிலி. பதினைந்து ராஜ்யங்களின் ஒற்றுமைக்கு அடையாளமாகவே அது பொறிக்கப்பட்டதென்றாலும், அந்நிய மன்னனோடு போரிட்டு விடுதலை பெற்றுப் பத்தாண்டும் நிறையாத ஜனங்களின் கண்ணுக்கு அது விலங்காகவே பட்டது. தேவியின் முகத்தில் கலவரம் தெரிகிறதென்றுகூடப் பத்திரிகையில் எழுதினார்கள். சில வாரங்களுக்குள் சங்கிலி போய் இலைமாலை வந்துவிட்டது. போதாக்குறைக்கு, முதல் அச்சை வெட்டியவர் தேசத்தின் பெயரையே முழுதும் எழுதாமல், 'அமெரி' என்று ஒரு புள்ளியோடு நிறுத்திவிட்டார்! அன்று ஏளனத்துக்கு இடமான அந்தக் குறையே இன்று அக்காசின் விலையை ஏற்றுகிறது.

அக்காலத்தில் அச்சு ஒவ்வொன்றும் கையால் செதுக்கப்பட்டதாகையால், ஒரே வருஷத்துக் காசுகளிலும் கூந்தலின் சுருளும் இலைக் கொத்தின் அமைப்பும் அச்சுக்கு அச்சு மாறுபடும். 1794இல் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள்! அவற்றுள் ஒன்றன் பின்புற விளிம்பைச் சுற்றிலும் தொண்ணூற்று நான்கு நுண்ணிய நட்சத்திரங்கள் உள்ளன. தேய்ந்த காசில் அவற்றுள் இரண்டொன்றின் நுனி தெரிந்துவிட்டாலும், பூதக்கண்ணாடியும் கையுமாக இருப்பவருக்கு அன்று உறக்கம் வராது. கிடைத்த காசை நம் வீட்டுச் செப்புக் குடம்போல் புளியிட்டுத் துலக்கினால் காரியம் கெட்டது. மெல்லிய ஒட்டக ரோமத் தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள்.

இக்காசுகளின் தரத்தை ஒன்று முதல் எழுபது வரை எண்ணிட்டு அளக்கும் முறையை 1949இல் வெளியான தம் நூலில் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்னும் உளவியல் அறிஞர். மற்ற நாணயங்களுக்கும் இன்று பயன்படுவது அதே அளவுகோல்தான். அத்தகைய பெரியவர், நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரத்திலிருந்து நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அவ்விடத்தில் தம்முடைய மட்டமான சென்ட்டுகளை வைத்துவிட்டார் என்பது அவர் மறைவுக்குப் பின்னரே தெரியவந்தது. பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது, செப்பின்மேல் இருந்த கீறலும் வடுவும் எந்தக் காசு யாருடையது என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டன.