நவம்பரில் சுவிஸ்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் குச்சவெளியில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னிடம் கேட்டது வைத்தியம் பற்றிய ஒரு பேச்சு. சீனி வருத்தம், பிரஷர் பற்றி நீங்கள் எல்லோரும் கிளினிக்கிலேயே போதுமான அளவு ஏச்சு வாங்குகிறீர்கள். அதனால் ஒரு பயணத்தைப் பற்றிப் பேசுகிறேன், வைத்தியம் எப்படியும் அதற்குள் வந்து சேரும் என்றேன். சரி, ஆனால் இருபது நிமிடம்தான் என்று சொல்லிவிட்டார்.

2023 நவம்பரில் மூன்று கிழமை சுவிற்சர்லாந்தில் நின்றேன். போக முதல் கேட்காத ஆள் இல்லை: "நவம்பரிலயா? ஆர் நவம்பரில சுவிசுக்குப் போறது?" கேள்வி நியாயமானதுதான். ஆடி ஆவணியில் போனால் பச்சைப் புல்வெளி, மாசியில் போனால் வெள்ளைப் பனி. நவம்பரில் இரண்டும் இல்லை. இலை உதிர்ந்து முடிந்திருக்கும், பனி ஊருக்குள் இறங்கியிருக்காது. கம்பியில் தொங்கி மலையேறும் ஊர்திகள் பலவற்றை அந்த மாதத்தில்தான் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். மலை ஊர்களில் விடுதிகள் கதவைச் சாத்திவிடும். ஒக்டோபர் பாதிக்குப் பிறகு டிசம்பர் பாதிவரை அங்கே யாரும் வருவதில்லை.

நான் போனதற்குக் காரணமே அதுதான். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழி ஒருத்தி பேர்ண் மாநிலத்தில், இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கும் இன்ரலாக்கன் என்ற ஊரில் இருக்கிறாள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள்; எங்கள் வகுப்புக்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். மலைக்கு மேலே ஒரு விடுதியில் அறை துப்புரவாக்கும் வேலை. கோடை முழுதும் லீவு இல்லை, மார்கழியில் இருந்து சித்திரை மட்டும் லீவு இல்லை. விடுதி பூட்டும் அந்த ஏழு எட்டுக் கிழமைதான் அவளுடைய ஆண்டு விடுமுறை. 1990இல் ஊர் இடம்பெயர்ந்தபோது பிரிந்தவர்கள் நாங்கள். ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டுமென்றால் நவம்பரில்தான் போக வேண்டும்.

ஆள் வராத காலம் என்றால் என்னவென்று குச்சவெளிக்காரிக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. நிலாவெளி விடுதிகளுக்குச் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைதான் பருவம். வாடை திரும்பிக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் புறாத்தீவுக்கு வள்ளம் ஓடாது. நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து நம் கரையில் வாடி அடித்துத் தொழில் செய்தவர்கள் வலையை மூட்டை கட்டிக்கொண்டு மேற்குக் கரைக்குத் திரும்புவார்கள். வெறும் வாடிக் கம்புகள் மழையில் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

அங்கே அதே கணக்கு மாடுகளுக்கு. கோடையில் மாட்டை மலைமேல் புல்லுக்கு ஏற்றுவார்கள், புரட்டாதியில் இறக்குவார்கள். இறக்கும் நாள் ஒரு திருவிழா. மாட்டின் தலையில் பூமுடி, கழுத்தில் சருவச்சட்டி அளவு மணி. இந்த மலைமேய்ச்சல் வழக்கத்தை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நான் போனபோது விழா முடிந்து, மாடுகள் தொழுவத்துக்குள் படுத்து வைக்கோல் மென்றுகொண்டிருந்தன. மணிகள் வீட்டு இறவாரத்தில் தொங்கின. நம் பக்கத்தில் பெரும்போகம் விதைத்ததும் பட்டி மாட்டை வயலைவிட்டுக் காட்டுப்பக்கம் சாய்ப்பார்களே, அது நினைவுக்கு வந்தது. அவர்கள் மாட்டை வீட்டுக்குக் கொண்டுவரும் காலத்தில் நாங்கள் வெளியே அனுப்புகிறோம்.

லவுற்றர்புறுன்னன் பள்ளத்தாக்கை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், குறைந்தது யாருடையவாவது முகநூலில். செங்குத்தான பாறைச் சுவர், அதன் நடுவிலிருந்து விழும் ஸ்ரவுபாக் அருவி, கிட்டத்தட்ட 300 மீற்றர் உயரம். கோடையில் அந்தத் தெருவில் நடக்க இடமில்லையாம். நாங்கள் போன அன்று எங்களைத் தவிர ஒரு கிழவரும் அவருடைய நாயும். மேலே பனி உறையத் தொடங்கிவிட்டதால் அருவி நூலாக ஒழுகியது. கீழே வந்து சேர முதலே காற்று அதைக் கலைத்துவிட்டது. படத்துக்கு அழகில்லை. ஆனால் தண்ணீர் பாறையில் படும் சத்தம் முழுப் பள்ளத்தாக்குக்கும் கேட்டது. கோடையில் அது கேட்காது என்றாள் தோழி. இருபது வருடமாக அந்த வழியால் வேலைக்குப் போகிறவள், அருவிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது அன்றுதான் மூன்றாவதோ நாலாவதோ தடவையாம்.

மூடுபனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பின்னால் அது தேவைப்படும். நுவரெலியாவில் நாங்கள் பார்த்த பனி வரும், போகும். அங்கே அப்படியல்ல. அல்ப்ஸ் மலைக்கும் யூரா மலைக்கும் இடையில் நாடு ஒரு தாழ்வாரம் போலக் கிடக்கிறது. பெரிய நகரங்கள் பல அந்தத் தாழ்வாரத்தில்தான்: சூரிச், பேர்ண், லவுசான், ஜெனீவா. காற்று அடங்கிய நவம்பர் நாட்களில் குளிர்ந்த கனமான காற்று அதற்குள் தேங்கிவிடும். மேலே இளஞ்சூடான காற்று மூடிபோட்டதுபோல நிற்கும். மூடிக்குக் கீழே சாம்பல் நிறக் கூரை ஒன்று உருவாகி, நாட்கணக்கில் அப்படியே கிடக்கும். மழை இல்லை, புயல் இல்லை, வெயிலும் இல்லை. காலை எட்டு மணிக்குத்தான் விடிந்த மாதிரி இருக்கும், பின்னேரம் ஐந்து மணிக்கு முதலே இருட்டிவிடும்.

ஒருநாள் ஏரிக்கரையும் அப்படி மூடிக் கிடந்தது. பஸ்ஸில் பெயாற்றன்பேர்க் என்ற ஊருக்கு ஏறினோம், ஏறக்குறைய 1200 மீற்றர். ஒரு வளைவில் பஸ் திரும்பியதும் கண் கூசியது. நீல வானம். எதிரே ஐகர், மொன்ச், யுங்ஃப்ராவ் மூன்றும் வரிசையாக. யுங்ஃப்ராவ் 4158 மீற்றர். நம் பீதுருதாலகால மலை 2524. கீழே ஏரி இல்லை, ஊர் இல்லை, வெள்ளைக் கடல்தான். அதன் விளிம்பு மலைச்சரிவில் அலை மாதிரி ஏறி இறங்கியது. ஒரு வாங்கில் இருந்து போத்தல் தேத்தண்ணியைக் குடித்தோம். குளிர் காலநிலையில் முகத்தில் வெயில் படும் சுகத்தைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. நாங்கள் இங்கே வெயிலுக்குக் குடை பிடிக்கிற ஆட்கள். தோழி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "மேல வெயில் எறிக்குது எண்டு தெரியும். ஏறி வர ஆருக்கு மனம் வருது?"

போக நினைக்கிறவர்களுக்கு இரண்டு சொல்: அறை வாடகை குறைவு, கூட்டம் இல்லை. எந்த ஊர்தி ஓடுகிறது என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள். யுங்ஃப்ராவ்யொக் ரயில் ஆண்டு முழுதும் ஓடும், டிக்கெற் விலைதான் நெஞ்சடைக்கும். நல்ல சப்பாத்து வேண்டும். அவ்வளவுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். சுவிசில் இலங்கைத் தமிழர் ஐம்பதாயிரம் அளவில் இருக்கிறார்கள். 1980களில் அகதியாகப் போன இளந்தாரிகள் உணவகச் சமையலறைகளில் சட்டி கழுவித் தொடங்கினார்கள். பிறகு மணப்பெண்களாகப் போனவர்கள் எங்கள் அக்காமார், எங்கள் வகுப்புத் தோழிகள். அவர்களுக்கு இப்போது ஐம்பதும் அறுபதும் ஆகிறது. நான் வந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு, தோழியின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பெண்கள் வந்தார்கள். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக என் பக்கத்துக் கதிரைக்கு வந்தார்கள். ஊரிலிருந்து வந்த டொக்டர் அல்லவா!

ஒன்பது பேரில் ஏழு பேர் சொன்னது ஒரே கதை. இடுப்பு உளைவு, தொடை உளைவு, கதிரையிலிருந்து எழும்ப முழங்காலில் கையூன்ற வேண்டியிருக்கிறது, படியேறக் கஷ்டம். வேலையால் வந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மெத்தையைத் தூக்கித் தூக்கிச் செய்யும் வேலையில் இடுப்பு நோகாமல் இருக்காது, உண்மை. ஆனால் இரத்தத்தில் விற்றமின் டி பார்த்தீர்களா என்று கேட்டேன். பாதிப் பேர் பார்க்கவே இல்லை. அங்கே நவம்பரிலிருந்து மாசி வரை சூரியன் சரிந்து நிற்பதால் அந்த விற்றமினைத் தோல் உண்டாக்கத் தேவையான கதிர் பூமிக்கு வந்து சேர்வதேயில்லை எனலாம். வெள்ளைக்காரர்களுக்கே குறையும். நம் கறுத்த தோலுக்கு அதே அளவை உண்டாக்க இன்னும் கூடிய நேர வெயில் வேண்டும். கோடையில்கூட விடுதி அறைகளுக்குள் நிற்கிறவளுக்கு அது எங்கே கிடைக்கும்? குறைந்தால் எலும்பும் தசையும் நோகும், தொடைத் தசை பலமிழக்கும். சின்ன இரத்தப் பரிசோதனை, மலிவான மருந்து. இந்த மலர் எந்தக் குளிர் நாட்டுக்கு வந்து சேர்ந்தாலும், வாசிக்கிற சகோதரி அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது இதைக் கேளுங்கள். நீங்களாகக் குளிசை வாங்கி அளவில்லாமல் விழுங்க வேண்டாம், அதுவும் கூடாது.

இரண்டாவது விஷயத்தை அவர்கள் கதிரையில் இருந்து சொல்லவில்லை, குசினியில் வைத்துச் சொன்னார்கள். நவம்பர் வந்தால் எழும்ப மனமில்லை. அழுகை வருகிறது. நித்திரை கூடுகிறது, இனிப்பாகச் சாப்பிடச் சொல்கிறது. பங்குனியில் தானாகச் சரியாகிவிடும். "சும்மா பஞ்சிதான் டொக்டர்" என்றார் ஒருவர். பஞ்சி இல்லை அக்கா, இதற்கு வைத்தியத்தில் பெயர் இருக்கிறது, பருவகால மனச்சோர்வு. 1984இல் நோர்மன் ரோசென்தால் என்ற மனநல வைத்தியரும் அவருடைய குழுவினரும் இதை எழுதினார்கள். காலையில் அரை மணி நேரம் பிரகாசமான சிகிச்சை விளக்கின் முன் இருக்கவைப்பது பலருக்குப் பலன் தருகிறது. கடுமையானால் மருந்தும் உண்டு. ஏன் உங்கள் வைத்தியரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். பதில் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "மகன்தானே கூட வந்து மொழிபெயர்க்கிறவன். அவனுக்கு முன்னால எப்பிடி அழுறது?"

பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைத்தால் தாய் பாதியை விழுங்குவாள், பிள்ளை மீதியை விழுங்கும். மாதவிடாய் நிற்கும் காலத்துப் பிரச்சினையைப் பதினாலு வயது மகனை வைத்துக்கொண்டு எந்தத் தாய் சொல்வாள்? அங்கே வைத்தியசாலைகளுக்குப் பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், தொலைபேசி வழியாகவும் கிடைப்பார்கள். கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படுகிற தலைமுறை நாங்கள்.

அந்த ஞாயிறு, 26ஆம் திகதி, கார்த்திகை விளக்கீடு. இருட்டியதும் பல்கனியில் சிட்டி விளக்குகளை வரிசையாக வைத்தோம். அந்த மாதம் சுவிஸ் பிள்ளைகளும் ராபே என்ற கிழங்கைக் குடைந்து உள்ளே மெழுகுதிரி வைத்துத் தெருவில் கொண்டுபோவார்களாம்; அதனால் பக்கத்து வீட்டுக்காரி எதுவும் கேட்காமல் தானும் ஒரு மெழுகுதிரியைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் விடிய முதல் பேர்ணுக்கு ரயில். நவம்பர் நாலாவது திங்கட்கிழமை அங்கே வெங்காயச் சந்தை. இருட்டோடு இருட்டாகச் சனம் நிறைந்து, வெங்காயத்தைப் பின்னல் பின்னலாக, காய்ந்த பூவும் செருகி விற்கிறார்கள். நான் சுவிசில் பார்த்த ஒரே கூட்டம் அதுதான். தோழி ஒரு பின்னல் வாங்கி என் கழுத்தில் போட்டாள். குழம்புக்கு அது சரிவராது, எங்கள் சின்ன வெங்காயத்தின் காரம் அதில் இல்லை.

பேர்ணில் இன்னொரு இடத்துக்கும் போனோம். 2014 டிசம்பரில் திறந்த சமயங்களின் இல்லம். ஒரே கூரையின் கீழ் பள்ளிவாசல், தேவாலயம், விகாரை, நம் சைவக் கோயில் எல்லாம். குச்சவெளிப் பற்றில் பிறந்த எனக்கு அது புதுமையில்லை. ஒரே தெருவில் எல்லாம் பார்த்து வளர்ந்தோம். ஆனால் கோயிலில் தமிழில் பூசை கேட்டது மனதுக்கு நிறைவாக இருந்தது.

இப்போது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் ஒன்றுகூடல் எப்போதும் ஆவணியில்தான் நடக்கிறது. கனடா, லண்டன் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை அப்போது, சரி. ஆனால் விடுதிகளிலும் உணவகங்களிலும் வேலை செய்கிற நம் மாணவிகளுக்கு ஆவணியில் ஒருநாளும் லீவு கிடைக்காது. நூற்றாண்டு மலருக்குப் பணம் அனுப்பியவர்களில் அவர்களும் இருக்கிறார்கள், வருகைப் பதிவில் அவர்கள் இல்லை. என் தோழி இருபது வருடத்தில் மூன்று தரம் ஊருக்கு வந்தாள், மூன்றும் நவம்பரில். "மாரிக்குள்ள ஏன் வந்தனீ?" என்றுதான் எல்லோரும் கேட்டார்களாம். பாடசாலைக் கேற்றடியில் குடையோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாளாம். அன்று சனிக்கிழமை, பூட்டியிருந்தது.

ஆகவே நவம்பரில் இரண்டாவது ஒன்றுகூடல் ஒன்று வைப்போம். பெரிய விழா வேண்டாம். ஒரு சனிக்கிழமை, ஒரு வகுப்பறை, பாணும் பருப்பும் சம்பலும். மழைத் தண்ணீர் மைதானத்தில் நிற்கும்; பின்பக்கக் கேற்றால் வரலாம். திறப்பு யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் முதலே சொல்லி வையுங்கள். டெங்குக் காலம் தொடங்கும் நேரம் என்பதால் எனக்கு லீவு கஷ்டம்தான், ஆனால் அந்த ஒரு சனிக்கிழமைக்கு என் கடமையைப் பார்க்க இன்னொரு வைத்தியரிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறேன்.