மேளக்காரர் பெயர் பத்திரிகையில் எங்கே?

இன்று நம் ஊர் நாதஸ்வர வகுப்புப் பிள்ளைகள் முதல்முறையாக மேடையேறி மல்லாரி வாசித்தார்கள்.

கைதட்டல் அடங்கியதும் எனக்குப் பின்வரிசையில் ஒரு தகப்பனார் பக்கத்தில் இருந்தவரிடம், “நல்லாத்தான் வாசிக்கிறான். சோறு போடுமா இது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைத் தோடி ராகத்துக்காகப் புகழாதவர் இல்லை. நான் அவருடைய கிராப்பைப் புகழ வந்திருக்கிறேன். மேளக்காரர் என்றால் குடுமியும் வெற்றுடம்புமாக நின்றுதான் வாசிக்கவேண்டும் என்றிருந்த காலம் அது. அவர் கிராப்பு வைத்தார், ஷெர்வானி மாட்டினார், மற்ற வித்வான்களைப்போல மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். திமிரி என்ற குட்டை நாதஸ்வரத்தின் உச்ச சுருதி கச்சேரிக்குத் தோதுப்படவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைவேலையில் நீளமான பாரி நாதஸ்வரம் வந்தது. தோடி கிராமபோன் தட்டாகி ஊர் ஊராகப் போயிற்று. 1940இல் ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். மார்க்கெட்டிங் என்று இன்று வகுப்பெடுக்கிறார்களே, இதைவிட அதில் வேறென்ன இருக்கிறது? வித்தை கையில் இருந்தது. அதற்கு விலை வைக்கும் தெம்பும் இருந்தது.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்கு வாசித்தார். எஸ். ஜானகியின் குரலும் அந்த நாதஸ்வரமும் போட்டி போட்டதை, சபா வாசலை மிதிக்காதவர்கள்கூட டீக்கடை ரேடியோவில் கேட்டார்கள்.

இன்றைக்கு வருவோம். ஒரு கல்யாண வீட்டில் பேரம் நடக்கிறது. டிரோன் கேமராக்காரர் தொகையைச் சொல்கிறார், மறுபேச்சு இல்லை. மேடை அலங்காரத்துக்கும் அப்படியே. மேளத்திடம் வந்ததும் மாமாவுக்குக் கணக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. “தவில் ஒண்ணு போதாதா அண்ணே? பார்த்துச் செய்யுங்க.” பத்திரிகையில் கேட்டரிங் பெயர் இருக்கிறது, மேளக்காரர் பெயர் இல்லை. பிறகு வீடியோ வருகிறது. தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளத்தை அமுக்கிவிட்டுச் சினிமாப் பாட்டை ஒட்டியிருக்கிறார்கள்! மணிக்கணக்கில் மூச்சைப் பிடித்து வாசித்தவர் அந்த வீடியோவில் ஊமைப்படம்.

பிள்ளைகளே, அதனால் சொல்கிறேன். ரேட்டைக் கேட்டால் “உங்க இஷ்டம்” என்று சொல்லாதீர்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி, போக்குவரத்து என்று தாளில் எழுதிக்கொடுத்து, அட்வான்ஸ் வாங்கி ரசீது போடுங்கள். நல்ல மைக் வைத்து மூன்று நிமிடம் வாசித்ததை யூடியூபில் ஏற்றி, பெயர், ஊர், போன் நம்பர் போடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. மற்ற மாதத்து வரவில்தான் அந்த மாதங்களும் ஓடவேண்டும் என்று கணக்குப் போட்டு ரேட்டை வையுங்கள். இதையெல்லாம் கீர்த்தனையோடு சேர்த்து வகுப்பிலேயே சொல்லித்தரவேண்டும் என்பது என் கட்சி. வாத்தியார் முறைக்கிறார், பரவாயில்லை.

ஆனால் விற்பதற்கு முதலில் வித்தை வேண்டுமே. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் மூன்று வருடப் படிப்பாக இருக்கிறது. மாவட்டத் தலைநகருக்குத் தினம் பஸ் ஏற முடியாத பிள்ளைக்கு என்ன வழி? ஆந்திரத்திலிருந்து வந்த ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் குடியேறி, அங்கேயே நாதஸ்வரத்துக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். அப்பேர்ப்பட்ட மேதை எல்லா ஊருக்கும் வரமாட்டார். நம் ஊருக்கு இந்த வகுப்புதான். இதற்கு வாத்தியார் சம்பளம் வேண்டும். பிள்ளைகள் கையில் இருக்கும் சீவாளி நாணல். பிளந்தால் வேறு வாங்கவேண்டும். தவில் தோல் விட்டுப்போனால் மாற்றவேண்டும். இது மாதாமாதம் வரும் செலவு. வருஷத்துக்கொருமுறை பொன்னாடை போர்த்தினால் தீராது.

மண்டப முதலாளிகள் மூன்று பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் இவ்வளவும் பேசினேன். ஐயா, புக்கிங் மேஜையில் டெக்கரேஷன்காரர் கார்டு இருக்கிறதல்லவா, அதன் பக்கத்தில் இந்த ஊர் மேளக்காரர்கள் பட்டியலையும் வையுங்கள். ஒவ்வொரு புக்கிங்கிலும் ஒரு சின்னத் தொகையை இந்த வகுப்புக்கென்று எடுத்துவையுங்கள். மற்றவர்களுக்கு: செயலாளர் ரசீது புத்தகத்தோடு பந்தி வாசலில் நிற்கிறார். மாதச் சந்தா எவ்வளவு என்று அவரிடம் பெயரோடு எழுதிக்கொடுத்துவிட்டு இலையில் உட்காருங்கள்.