கடாரம் கொண்டவன் கார் ஓட்டினால்

1025-இல் கடாரத்துக்குக் கடற்படை அனுப்பிய ராஜேந்திர சோழன், இன்று நம் பினாங்குப் பாலத்தில் கார் ஓட்டினால் எப்படி ஓட்டுவார்? பருவக்காற்றை அறியாமல் பாய்மரக் கப்பல்கள் வங்கக் கடலைத் தாண்டியிருக்க முடியாது. ஆகவே வானிலை, எண்ணெய், டயர் எல்லாம் பார்த்த பிறகுதான் அவர் வண்டியை எடுப்பார். வடக்கே ஜெராய் மலையடிவாரத்தில்தானே பழைய கடாரம்! அதைப் பார்க்க ஆசை இருந்தாலும் பாலத்தில் வண்டியை நிறுத்த மாட்டார்.

முல்லைக்கொடிக்குத் தன் தேரைத் தந்த வள்ளல் பாரி ஓட்டினால்? கொடி ஒன்று தவிப்பதைக் கண்டால் காரை அங்கேயே விட்டுவிட்டு நடப்பார். என் மனம் பாரியின் பக்கம்தான். வழியில் தன்னைவிட மெலிந்த உயிரைக் கவனித்தவர் அவர்.

நம் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம், கடற்காற்று பலமாக வீசும். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு இடம் விட்டு ஓட்டுங்கள்.