சட்டத்துக்கும் தலைமடை உண்டு
(வட்ட மாநாட்டில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



நெல்லுக்கு விலை கேட்டு மறியல் செய்கிறோம். கரும்புப் பாக்கி கேட்டு ஆலை வாசலில் உட்காருகிறோம். ஆனால் நம் தலையெழுத்தை எழுதுகிற சட்டம் டெல்லியில் எப்படிப் பிறக்கிறது என்று கேட்பதில்லை. "அது படிச்சவங்க சமாச்சாரம்"னு விட்டுடறோம். இனி விடக்கூடாது.

நாடாளுமன்றத்துக்கு இரண்டு சபை. மக்களவையில் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய 543 பேர். அதில் தமிழ்நாட்டுக்கு 39. மாநிலங்களவையில் 245 இடம், தமிழ்நாட்டுக்கு 18. இவர்களை நம் எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மசோதா முதலில் ஒரு சபையில் அறிமுகமாகும். பிறகு எல்லாக் கட்சி எம்.பி.க்களும் உள்ள நிலைக்குழுவுக்கு அனுப்பலாம். அந்தக் குழு அதிகாரிகளை வரவழைத்துக் கேள்வி கேட்கும். பொதுமக்களிடமும் கருத்துக் கேட்கும். நம்ம சங்கமும் மனுக் கொடுக்கலாம். அதன்பின் சபையில் விவாதம், ஷரத்து ஷரத்தாகத் திருத்தம், ஓட்டெடுப்பு. அப்புறம் அடுத்த சபை. கடைசியில் ஜனாதிபதி கையெழுத்து.

வாய்க்கால் கணக்கில் சொன்னால், அந்தக் குழுதான் தலைமடை. அங்கே அடைத்தால் அடைபடும், திருப்பினால் திரும்பும். கையெழுத்தான பிறகு நாம கத்துறது கடைமடையில நின்னு தண்ணிக்குக் கத்துற மாதிரி. ஆனால் குழுவுக்கு அனுப்பியே தீரணும்னு கட்டாயம் இல்லை. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

நிலம் எடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். 1894-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தை மாற்ற 2011-ல் மசோதா வந்தது. நிலைக்குழுவுக்குப் போய், 2012-ல் அறிக்கை வந்து, 2013-ல் இரு சபையிலும் நிறைவேறியது. தனியார் கம்பெனிக்கு நிலம் எடுக்க 80 சதம் பேர் சம்மதம் வேண்டும் என்ற பாதுகாப்பு கிடைத்தது. 2014 டிசம்பர் 31-ல் அவசரச் சட்டம் போட்டு, ஐந்து வகைத் திட்டங்களுக்குச் சம்மதமே வேண்டாம் என்றார்கள். சபை கூடாத காலத்தில் அவசரச் சட்டம் போடலாம். கூடிய ஆறு வாரத்துக்குள் சபை ஏற்காவிட்டால் அது செத்துப்போகும். மக்களவையில் ஜெயித்தார்கள். மாநிலங்களவையில் ஆளுங்கட்சிக்குப் பலம் இல்லை. மூன்று முறை அவசரச் சட்டம் போட்டும், 2015 ஆகஸ்டில் அதைக் கைவிட்டார்கள். இரண்டாவது சபை எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

அடுத்தது மூன்று வேளாண் சட்டம். 2020 ஜூனில், கொரோனா காலத்தில், அவசரச் சட்டமாக வந்தது. செப்டம்பரில் மசோதா ஆனது. குழுவுக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பவில்லை. செப்டம்பர் 20-ல் மாநிலங்களவையில் இரண்டு மசோதாவுக்கு ஓட்டை எண்ணச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டன. உறுப்பினர்கள் தங்கள் இடத்தில் இல்லை என்று காரணம் சொல்லி, குரல் ஓட்டிலேயே முடித்தார்கள். குரல் ஓட்டு என்றால் 'ஆம்', 'இல்லை' என்ற சத்தம் மட்டுந்தான். எந்த எம்.பி. எந்தப் பக்கம் நின்றார் என்று பெயர்ப் பதிவு கிடையாது. அப்புறம் நாம யாரைப் போய்க் கேட்கிறது?

தலைமடையில் கேட்க வேண்டியதை டெல்லி எல்லையில், பனியிலும் வெயிலிலும் ஒரு வருஷம் உட்கார்ந்து கேட்டார்கள் பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேச விவசாயிகள். உயிர்விட்டவர்கள் பலர். 2021 நவம்பர் 29-ல் ஒரே நாளில் இரு சபையிலும் ரத்து மசோதா நிறைவேறியது. நமக்கு வெற்றிதான். ஆனால் அன்றைக்கும் விவாதம் இல்லை! போட்டதும் பேசாமல், எடுத்ததும் பேசாமல் என்றால் நாம் அனுப்பிய ஆள் அங்கே எதற்கு?

எனவே நாம் கேட்பது:

1. விதை, மின்சாரம், நிலம், சந்தை பற்றிய எந்த மசோதாவும் நிலைக்குழுவுக்குப் போகாமல் சபைக்கு வரக்கூடாது.
2. வரைவைத் தமிழிலும் கொடுத்து, கருத்துச் சொல்ல அவகாசம் தர வேண்டும்.
3. இத்தகைய மசோதாக்களுக்குக் குரல் ஓட்டு கூடாது. பெயர் பதிவாகும் ஓட்டெடுப்பு வேண்டும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக்குவோம். தீர்மான நகலோடு எம்.பி. அலுவலகம் போவோம். "ஐயா, எங்க மசோதா வந்தா எந்தப் பக்கம் கை தூக்குவீங்க?" என்று நேருக்கு நேர் கேட்போம். ஓட்டுக் கேட்டு நம்ம வாசலுக்கு வந்தவர் பதில் சொல்லித்தான் ஆகணும்.

தலைமடையில் நிற்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!