செல்போன் நம் கையில், விளையாட்டு பிள்ளை கையில்

(மணிமங்கலத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கடன் பற்றிப் பேசப்போவதில்லை என்று சொல்லத்தான் நினைத்தோம். ஆனால் இந்தக் கதை ஒரு கடனில்தான் ஆரம்பிக்குது. எங்கள் குழு உறுப்பினர் ஒருத்தர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அஞ்சு வயசுப் பையன். ஒரு ஆள் வீட்டுக்கே வந்து, "ஆன்லைன் கோர்ஸ்ல சேருங்க, பிள்ளை எங்கேயோ போயிடுவான்"னு சொல்லி டேப் ஒன்றையும் காட்டியிருக்கார். குழுவில் உள்கடன் கேட்டாங்க. படிப்புக்குத்தானேன்னு ஒரு கேள்வியும் கேட்காமல் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மூணே மாசத்தில் பையனுக்கு அலுத்துப்போச்சு. தவணை மட்டும் அலுக்காமல் வந்துகிட்டே இருந்தது. அந்தத் தாய் மேல் தப்பே இல்லை. விசாரிக்காமல் கொடுத்தது நாங்கள்.

அதுக்கப்புறம்தான், காசில்லாமல் என்ன கிடைக்குதுன்னு உட்கார்ந்து தேடினோம்.

ஸ்டோரிவீவர் என்று ஓர் இணையதளம். பெங்களூரில் உள்ள பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கம் இல்லாத பதிப்பகம் 2015-ல் ஆரம்பித்தது. தமிழிலும் படக்கதைகள் இருக்கு. நான்கு நிலையாகப் பிரிச்சிருக்காங்க. சின்னப் பிள்ளைக்கு முதல் நிலை போதும், பக்கத்துக்கு ஓரிரு வரிதான். இறக்கி, ஜெராக்ஸ் எடுத்துப் பத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், தடையில்லை. எழுதியவர், படம் வரைந்தவர் பெயரை மட்டும் எடுத்துவிடக் கூடாது.

2018-ல் வந்த புதிய ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலேயே கட்டம் கட்டமாகக் கியூ ஆர் கோடு அச்சடிச்சாங்க. தீக்ஷா செயலியில் அதைக் காட்டினால் பாடத்துக்கான வீடியோ வரும். நம்மில் பல பேர் அதைப் படம்னு நினைச்சுத் தாண்டிப் போயிட்டோம்!

எங்களுக்கு ரொம்பப் பிடித்தது அரவிந்த் குப்தாவின் இணையதளம். ஐஐடியில் படித்த பொறியாளர்; குப்பையில் போகிற சாமான்களில் பொம்மை செய்து காட்டுவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அவர் சொல்வதில் ஒன்றைச் செய்து பார்த்தோம். சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கிச் சின்னத் துண்டுகளாக வெட்டணும். மருந்தைச் சுரண்டி எடுத்த தீக்குச்சியை ரெண்டு முனையிலும் செருகணும். மூணு குச்சி சேர்த்தால் முக்கோணம், அமுக்கினாலும் அசையாது. நாலு குச்சியில் சதுரம் செய்தால் ஒரு விரல் பட்டதும் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு நீளக் குச்சி வைத்தால் நின்னுடும். ஒரகடம் ரோட்டில் கம்பெனி ஷெட்டுகளின் கூரைக்கு அடியில் பாருங்க, இரும்புச் சட்டம் முக்கோண முக்கோணமாக இருக்கும். "அம்மா வேலை செய்ற இடத்துல ஏன் அப்படி வச்சிருக்காங்க?"ன்னு பிள்ளையே கேட்கும். மூணு வயசுக்குக் கீழே இருந்தால் குச்சி, புளியங்கொட்டை எதையும் கையில் கொடுக்காதீங்க, வாயில் போட்டுடும்.

இதெல்லாம் நாம் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு. பிள்ளை கையில் போனைத் திணிக்க இல்லை. ரெண்டிலிருந்து நாலு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், ஒரு வயசுக்குள்ளே அறவே வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கு.

நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவளுக்கு ஏது நேரம்னு கேட்பீங்க. நியாயம்தான். அவளை இன்னும் ஒரு வேலை செய்யச் சொல்ல எங்களுக்கு மனசில்லை. 2020 மார்ச்சில் மூடின பள்ளிக்கூடம் சின்னப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தது. அந்தச் சமயத்தில் வந்த இல்லம் தேடிக் கல்வியில், தன்னார்வலர்கள் தங்கள் தெருப் பிள்ளைகளைச் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாங்க. அதே மாதிரி குழுவுக்குள் முறை வைத்துக்கொள்ளலாமே? சனிக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் வீட்டுத் திண்ணை, ஒரு கதை, ஒரு விளையாட்டு. பாட்டிகளையும் கூப்பிடுங்க, பல்லாங்குழியில் எண்ணச் சொல்லித்தர அவங்களுக்கு எந்த இணையதளமும் தேவையில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தீப்பெட்டி ரெண்டு, ஒரு முழம் வால்வு டியூப் கொண்டு வாங்க. முதல் நிலைக் கதைகளில் அஞ்சை நாங்கள் பிரதி எடுத்து வைக்கிறோம். கோர்ஸுக்கு உள்கடன் கேட்டு யாராவது மனு வைத்திருந்தால், அதையும் அன்றைக்கே எல்லாரும் சேர்ந்து பேசிடுவோம்.