வார்டுக்குள் அனுப்பும் முன்
(செவிலியக் கல்விக் கருத்தரங்கின் தலைமை உரை)



மருத்துவமனைப் பயிற்சிக்குச் செல்லும் முன்பும் பயிற்சிக் காலத்திலும் செவிலிய மாணவர்கள் நிறைவு செய்ய வேண்டிய தகுதிகளைப் பற்றி இரண்டு நாள்கள் பேசப்போகிறோம். வந்துள்ள கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். தடுப்பூசி, உடற்தகுதி, வருகைப் பதிவு, சீருடை ஒழுங்கு, செயல்முறை ஏடு என்று மாணவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதையே அவற்றில் பெரும்பாலானவை ஆராய்கின்றன. கேட்க வேண்டியவைதாம். ஆனால் மாணவரிடம் கேட்கும் ஒவ்வொரு தகுதிக்கும் எதிரே, கல்லூரியும் மருத்துவமனையும் செய்து முடிக்க வேண்டிய கடமை ஒன்று இருக்கிறது. அந்தக் கடமையைச் செய்யாமல் மாணவரிடம் மட்டும் தகுதி கேட்பது நியாயமில்லை என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க வந்த கருத்து.

நம் மண்ணில் இந்தப் படிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கியது. ஐடா ஸ்கடர் நிறுவிய வேலூர் மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி வந்தது. சென்னை மாகாணம் 1926இல் செவிலியர், மருத்துவச்சியருக்கென்று சட்டம் இயற்றியது. வேலூரிலும் டெல்லியிலும் 1946இல் பட்டப்படிப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டே இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நிறைவேறியது. இந்தக் காலத்தின் பெரும்பகுதியில் மாணவி என்றால் வார்டுக்குக் கிடைத்த கூடுதல் கைகள் என்றே பொருள். பாடம் எஞ்சிய நேரத்தில் நடந்தது. அந்த மனப்பழக்கம் நம்மிடமிருந்து இன்னும் முழுதாகப் போகவில்லை.

இன்றைய விதிகள் எழுத்தளவில் வெகுதூரம் வந்துவிட்டன. 2021இல் திருத்தப்பட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் எட்டுப் பருவங்கள் கொண்டது. தேர்வெழுத, பாடத்திலும் செயல்முறையிலும் 80 விழுக்காடு வருகை வேண்டும். பட்டம் பெறுவதற்கு முன் செயல்முறைப் பயிற்சி ஒவ்வொன்றிலும் 100 விழுக்காடு வருகையை நிறைவு செய்தாக வேண்டும். கடைசிப் பருவம் 22 வாரப் பயிற்சிப் பணி, வாரத்துக்கு 48 மணி நேரம். செயல்முறை ஆசிரியர் ஒருவருக்குப் பத்து மாணவர், மாணவர் ஒருவருக்கு மூன்று நோயாளர் என்ற அளவுகளும் உண்டு. 2023இல் தேசிய செவிலிய, மகப்பேற்றுச் செவிலிய ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. விதிகளின் எண்ணிக்கையில் நமக்குக் குறைவில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதலில் தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதங்களுக்குப் பிறகு இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்க வேண்டும்; மில்லி லிட்டருக்கு 10 மில்லி அலகுக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு கிடைத்ததாகக் கொள்ள முடியாது. இந்தக் கணக்கைப் பாடத்திட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பருவத்திலேயே செவிலிய அடிப்படைகள் பாடத்துக்காக மாணவர் வார்டுக்குப் போகிறார். சேர்ந்த அன்றே முதல் ஊசி போட்டிருந்தாலும் அவர் முதன்முதலாக ஊசிக் குப்பியைத் தொடும்போது மூன்றாம் தவணை வந்திருக்காது. பல கல்லூரிகளில் முதல் ஊசியே வார்டுப் பயிற்சி தொடங்கும் வாரத்தில்தான் போடப்படுகிறது. சிறு வயதிலேயே போட்டிருப்பார்கள் என்று நம்பியிருக்கவும் முடியாது. இந்தத் தடுப்பூசி தேசியத் திட்டத்தில் நாடு முழுவதற்கும் விரிவானது 2011இல்தான். இப்போது சேரும் மாணவர்களில் பலர் அதற்கு முன் பிறந்தவர்கள்.

எதிர்ப்பாற்றல் இல்லாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை. எச்.ஐ.வி.யில் அது ஏறத்தாழ 0.3 விழுக்காடு. நம் மாணவியர் எச்.ஐ.வி.யை நினைத்து நடுங்குகிறார்கள், ஹெபடைடிஸ் பி பற்றிக் கவலைப்படுவதே இல்லை. இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போடும் பொறுப்பை மருத்துவமனையின் மீது வைக்கின்றன. மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை என்று கழிவைப் பிரித்துப் போடும் கை பெரும்பாலும் மாணவியுடையது. ஆனால் தடுப்பூசிச் செலவை அவள் வீட்டார் ஏற்கிறார்கள், அல்லது ஊசியே போடப்படாமல் சான்று மட்டும் வருகிறது. குடும்ப மருத்துவர் ஒரே நாளில் எழுதிக் கொடுத்த மூன்று தவணைச் சான்றுகளை நான் பார்த்திருக்கிறேன். அதை வாங்கிக் கோப்பில் வைத்த கல்லூரிக்கு அந்தப் பெண்ணின் கல்லீரலைப் பற்றி அக்கறை இருந்தது என்று என்னால் ஒப்ப முடியாது.

அடுத்து காசநோய். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் செவிலிய மாணவியரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்று நம் ஒவ்வொருவரின் மேசையிலும் இருக்க வேண்டியது. அவர்களிடையே ஆண்டுக்கு 7.8 விழுக்காடு அளவில் புதிய காசநோய்க் கிருமித் தொற்று ஏற்பட்டதாக அது மதிப்பிட்டது. அன்று நாட்டின் பொதுமக்களுக்குச் சொல்லப்பட்ட அளவு 1.5 விழுக்காடு. தொற்றிய எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனாலும் இது ஐந்து மடங்கு. நல்ல வசதியும் ஒழுங்கும் உள்ள நிறுவனத்தில் துணிந்து எடுத்த கணக்கு இது. கணக்கே எடுக்காத இடங்களில் நிலைமை என்ன என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். காசநோய் வார்டில் எல்லோரும் எச்சரிக்கையோடு இருப்பார்கள். பொது மருத்துவ வார்டில் இரண்டு வாரமாக இருமிக்கொண்டு, சளிப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நோயாளரிடமிருந்துதான் ஆபத்து வருகிறது. அவருக்கு வெப்பநிலை பார்க்கவும், முதுகு தட்டவும், சளிக் கிண்ணம் மாற்றவும் முதலாண்டு மாணவியே அனுப்பப்படுகிறாள். முகத்தில் இருப்பது மெல்லிய அறுவைக்கூட முகமூடி. அணிபவரின் துளி வெளியே போகாமல் தடுக்கச் செய்யப்பட்டது அது. காற்றில் மிதக்கும் கிருமியிலிருந்து அணிபவரைக் காக்க என்95 வேண்டும், அதுவும் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். எத்தனை கல்லூரிகள் அதைப் பொருத்திப் பார்த்து அனுப்புகின்றன?

2018இல் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா வைரஸ் பரவியபோது பேராம்பிரா அரசு மருத்துவமனையின் செவிலியர் லினி உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அந்தப் பரவலில் தொற்று உறுதியாகி உயிர் மீண்ட இருவரில் ஒருவர் செவிலிய மாணவி. பெயர் வைக்கப்படாத காய்ச்சலோடு நோயாளர் வந்து சேரும் வார்டில் மாணவரும் நிற்கிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

முன்பரிசோதனைகள் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பயிற்சிக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவைக் கொண்டுவரச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது சட்டத்துக்கு எதிரானது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், கல்வி பெறுவதற்கு அந்தப் பரிசோதனையை முன்நிபந்தனையாக்குவதைத் தடை செய்கிறது. அதே சட்டம், தொற்றுக்கு உள்ளாகக்கூடிய நிலையில் பணிபுரியும் எல்லோருக்கும் பாதுகாப்புப் பொருள்களும் அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் விபத்துக்குப் பிந்தைய தடுப்பு மருந்தும் தர வேண்டும் என்கிறது. சட்டம் கேட்காதே என்றதைக் கேட்கிறோம், கொடு என்றதைக் கொடுக்க மறக்கிறோம்.

ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியதைப் பயிற்சிக்கு முன்பே ஒவ்வொரு மாணவரும் மனத்தில் பதித்திருக்க வேண்டும். காயத்தைப் பிதுக்கக் கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. 28 நாள் எடுக்க வேண்டும். இதையெல்லாம் தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவி, உண்மையில் குத்திக்கொண்டதும் விரலைக் கையுறைக்குள் மறைத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விடுகிறாள். இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவார், டியூட்டர் பெயரைக் குறித்துக்கொள்வார், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். இந்தப் பயத்தை வளர்த்தவர்கள் நாம். இரவு இரண்டு மணிக்குக் குத்தினால் யாரைக் கூப்பிடுவது, மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்ற மூன்றுக்கும் விடை தெரியாத மருத்துவமனைக்கு மாணவரை அனுப்பக் கூடாது.

வருகை விதிக்கு வருகிறேன். 100 விழுக்காடு செயல்முறை வருகை என்ற விதியின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். நோயாளர் பக்கத்தில் நிற்காமல் செவிலியர் ஆக முடியாது. ஆனால் விடுபட்ட நாளை ஈடுகட்ட வழி தெளிவாக இல்லாத கல்லூரியில் இந்த விதி என்ன செய்கிறது? காய்ச்சலும் இருமலுமாக மாணவி புதிதாய்ப் பிறந்த குழந்தைகள் பிரிவுக்கு வருகிறாள். வயிற்றுப்போக்கோடு குழந்தைகள் வார்டில் மருந்து கலக்குகிறாள். ஒரு நாள் போனால் ஒரு பருவம் போய்விடுமோ என்று அஞ்சுகிறாள். உடல்நலமில்லாதபோது வார்டுக்கு வராமல் இருப்பதும் ஒரு தொழில்முறைத் தகுதி. ஈடுகட்டும் நாள்களைப் பருவத் தொடக்கத்திலேயே அட்டவணையில் ஒதுக்கிவிட்டால் அந்தத் தகுதியைத் தண்டனையில்லாமல் கடைப்பிடிக்க முடியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். காலை ஏழு மணி டூட்டிக்கு ஐந்தரை மணிக்கே பேருந்து ஏறும் மாணவியர் பலர் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறார்கள், ஏனென்றால் விடுதிச் சமையலறை அதற்குள் திறப்பதில்லை. பத்து மணிக்கு, காயத்துக்குக் கட்டு மாற்றும்போது மயங்கி விழுந்தால் மனத்திடம் போதாது என்கிறோம். முதலில் அந்தப் பிள்ளைக்கு இட்லி கொடுங்கள்.

நோயாளர் எண்ணிக்கைக்கு வருவோம். 30 படுக்கை வார்டில் ஒரு ஷிஃப்டுக்குப் பத்து மாணவர் என்று படுக்கையை எண்ணிக் கணக்குப் போடுகிறோம். முக்கால்வாசிப் படுக்கைகளில்தான் நோயாளர் இருக்கிறார் என்றால் 22 பேர். அவர்களுக்கு ஏழு மாணவர் போதும். நடப்பிலோ ஒரே அரசு மருத்துவமனையோடு பல தனியார் கல்லூரிகள் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. ஒரு கட்டிலைச் சுற்றி மூன்று நிறச் சீருடைகள் நிற்கின்றன. காலையிலிருந்து நான்காவது முறையாக இரத்த அழுத்தம் பார்க்க வரும் மாணவியிடம் கையை நீட்டும் பெரியவர் என்ன நினைப்பார்? மாணவர் தம் பெயரைச் சொல்லி, தாம் மாணவர் என்பதையும் சொல்லி, அனுமதி கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளருக்கு உண்டு. இலவச மருத்துவமனைக்கு வந்துவிட்டதால் அந்த உரிமை போய்விடுவதில்லை.

கேஸ் புக் எனப்படும் செயல்முறை ஏட்டைப் பற்றி மனம் திறந்து பேசுவோம். முந்தைய பாடத்திட்டம் மாணவர் 20 சுகப்பிரசவங்களைத் தாமே பார்த்திருக்க வேண்டும் என்றது. பிரசவ அறையில் மருத்துவ மாணவரும் பயிற்சி மருத்துவரும் பல கல்லூரிகளின் செவிலிய மாணவரும் நெருக்கும்போது அந்த 20 எங்கிருந்து வந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரே தாயின் பெயர் ஐந்து ஏடுகளில் ஏறியது. எட்டிப் பார்த்தவர் நடத்தியதாக எழுதினார். நாம் கையெழுத்திட்டோம். ஆண் மாணவர்களுக்கு அந்த அறைக்குள் இடம் கிடைப்பதே அரிது. ஆனால் அவர்கள் ஏட்டிலும் எண்ணிக்கை நிறைந்திருந்தது. நேர்மையைப் பாடமாக நடத்திவிட்டு, முதல் பொய்யை நாமே எழுத வைத்தோம். புதிய பாடத்திட்டம் எண்ணிக்கையோடு திறன் மதிப்பீட்டையும் கேட்கிறது. அது பயன்பட வேண்டுமானால் பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் தானே செய்தது என்று மூன்றையும் தனித்தனியே பதிய வேண்டும். நேரில் நின்றவர் மட்டுமே கையெழுத்திட வேண்டும். உண்மையான ஏழு, பொய்யான இருபதைவிட மேல். சிரைக்குள் வென்ஃப்ளான் ஊசி போடுவதும் மூக்குவழிக் குழாய் இறக்குவதும் முதலில் திறன் கூடத்தின் பொம்மையில் நடக்க வேண்டும். அங்கே தேறியவர்தான் நோயாளரைத் தொட வேண்டும். பல திறன் கூடங்கள் ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் திறக்கப்படுகின்றன. பூட்டிய கூடத்தை வைத்துக்கொண்டு மாணவரின் கை நடுங்குகிறது என்று குறை சொல்லக் கூடாது.

இரவு டூட்டியின் பாதுகாப்பும் நம் கடமையில் அடக்கம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவமனையைப் பணியிடமாகவே கொள்கிறது. பாதிக்கப்பட்ட பெண் அங்கே ஊழியராக இருக்க வேண்டும் என்பதில்லை. புகார்க் குழுவில் இருப்பவர் யார், அவர் எண் என்ன என்பது பயிற்சியின் முதல் நாளிலேயே மாணவியின் கையில் இருக்க வேண்டும்.

கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியில் இப்போது வார்டுக்குச் சென்றுவரும் மாணவர்களில் எத்தனை பேருக்கு ஹெபடைடிஸ் பி மூன்றாம் தவணை முடிந்து எதிர்ப்பொருள் அளவு பார்க்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கை இன்றிரவே அலுவலகத்தில் கேட்டு வாங்கி, நாளைப் பிற்பகல் அமர்வுக்குக் கொண்டுவாருங்கள். கணக்கு இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். அதிலிருந்து தொடங்குவோம். தடுப்பூசியும் முகக்காப்பும் மேற்பார்வையும் உறுதியாகாத வரை எந்த மாணவரையும் வார்டுக்கு அனுப்புவதில்லை என்ற தீர்மானத்தை இந்த அவை நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.