பக்கத்து வீட்டுச் சாவி

(நம் குடியிருப்பின் மூத்தோர் கூடுகையில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் லண்டனிலிருந்து திரும்பியதிலிருந்து லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் "அங்கே எப்படி இருந்தது?" என்று கேட்கிறீர்கள். மூன்றாவது மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதனால்தான் செயலாளர் பேசச் சொன்னதும் சரி என்றேன். பிக்பென்னையும் அரண்மனையையும் யூடியூபில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சாதாரணத் தெருவில் ஆறு மாதம் குடியிருந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மகள் வீடு ஹாரோவில். லண்டனின் வடமேற்கு ஓரம். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் மெட்ரோபாலிட்டன் ரயில்வே கம்பெனி, தன் பாதையோரம் வீடு வாங்க ஆள் சேர்ப்பதற்காக 'மெட்ரோலேண்ட்' என்று விளம்பரம் செய்ததே, அந்த வட்டாரம். வீடுகள் இரட்டை இரட்டையாக நிற்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். முன்னால் கையகலத் தோட்டம், பின்னால் கொஞ்சம் பெரிய தோட்டம்.

முதலில் பிடிபடாதது அந்த அமைதிதான். நான் பிறந்து வளர்ந்தது பழவேற்காடு பக்கம் காட்டூர். விடியற்காலையில் மீன் விலை பேசுகிற சத்தத்தில் கண் விழித்தவள். அங்கே காலை ஒன்பது மணிக்கு ஜன்னலில் நின்று பார்த்தால் தெருவில் ஓர் ஆள் கிடையாது. டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். திரைகள் எல்லாம் மூடிக்கொள்ளும். கருவாடு கிடைக்குமா என்று கேட்டீர்களே, தாராளமாகக் கிடைக்கும். ஹாரோவிலும் வெம்ப்ளியிலும் இலங்கைத் தமிழர் கடைகள் நிறைய. வறுப்பதுதான் கஷ்டம். கூரையில் இருக்கிற புகை அலாரம் ஊரைக் கூட்டும். குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறி நின்று துண்டால் விசிறுவார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்தத் தெருவில் சங்கம் இல்லை, வாட்ச்மேன் இல்லை, மாதாமாதம் பராமரிப்புக் கட்டணமும் இல்லை. எல்லாம் கவுன்சில். அதற்கு ஒரு வரி. 1991 ஏப்ரலில் வீடு என்ன விலை போயிருக்கும் என்று பார்த்து எட்டுப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இன்றைக்கும் அந்தக் கணக்குதான். பெரியவர் ஒருவர் மட்டும் குடியிருக்கிற வீடு என்றால் அந்த வரியில் 25 சதவீதம் தள்ளுபடி. தனியாக இருப்பவர்கள் அவ்வளவு பேர் என்று அதிலேயே தெரிகிறது.

குப்பைக்கு நிறம் நிறமாகத் தொட்டி. எந்த வாரம் எந்தத் தொட்டி என்று தாள் வரும். தப்பான சாமானைப் போட்டால் எடுக்காமல் விட்டுவிட்டுப் போவார்கள். சண்டை போட அங்கே யாரும் நிற்பதில்லை. இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை சத்தம் கூடாது. வேலிச்செடி இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்து வெளிச்சத்தை மறைத்தால் கவுன்சிலிடம் புகார் கொடுக்கலாம். நடுச்சுவரை வெட்டிக் கட்டுவதற்கு 1996-இல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். நம் 'சி' பிளாக்கில் போன வருஷம் குளியலறை இடித்ததை நினைத்துக்கொண்டேன்.

சுவர் பங்கு போடுவதில் அவர்களுக்குப் பழைய அனுபவம் உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். 1620-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயக் கம்பெனியும் அங்கே வந்து டச்சுக்காரர்களோடு ஒட்டுக்குடித்தனம் நடத்திப் பார்த்தது. ஒத்துவரவில்லை. வடக்கே ஆர்மகானுக்குப் போய், அப்புறம் 1639-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

சரி, மனிதர்களுக்கு வருகிறேன். அக்கம்பக்கத்தார் மரியாதையானவர்கள். பார்த்தால் வணக்கம் சொல்வார்கள், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள், நமக்கு வந்த பார்சலை வாங்கி வைப்பார்கள். வீட்டுக்குள் வர மாட்டார்கள். நான் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டு, மறுநாள் கிண்ணத்தைக் கழுவி ஒரு நன்றி அட்டையோடு கொடுத்துவிட்டார்கள். வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவளுக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது, என்ன செய்ய.

ஒட்டிய வீட்டில் எண்பது தாண்டிய ஓர் ஆங்கிலேய அம்மா தனியாக இருந்தார். கதவுக்குப் பக்கத்தில் நம்பர் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி, அதற்குள் சாவி. கவனித்துக்கொள்ள வரும் பெண்ணுக்கும் ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் மட்டும் நம்பர் தெரியும். இன்னொரு சாவி என் மகளிடம். அந்த அம்மா தினமும் காலை எட்டு மணிக்கு மாடி ஜன்னல் திரையை விலக்குவார். அது அவர்களுக்குள் பேசி வைத்த அடையாளம் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, எட்டரை ஆகியும் திரை விலகவில்லை. மகள் போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. சாவியோடு ஓடினாள், பின்னாலேயே நானும். குளியலறையில் கீழே கிடந்தார். இரவு பதினொரு மணிக்கு விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு. ஆபத்துக்கு அழுத்துகிற பொத்தானைக் கழுத்தில் போட்டிருக்க வேண்டியவர், கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டியிருந்தார். எட்டாத உயரம். 999-க்குப் போன் செய்து, ஆம்புலன்ஸ் வரும்வரை என் சால்வையைப் போர்த்திக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை ஐஸாக இருந்தது. பிழைத்துக்கொண்டார். மகள் கண்ணில் அந்தத் திரை படாமல் இருந்திருந்தால், கவனிக்கும் பெண் வருவது திங்கட்கிழமைதான்.

அந்த நாடு தனிமையைப் பெரிய பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. 2016-இல் கொல்லப்பட்ட எம்.பி. ஜோ காக்ஸ் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியாக 2018 ஜனவரியில் அதற்கென்று ஓர் அமைச்சரையே நியமித்தார்கள். அமைச்சர் வந்து திரையைப் பார்க்கப் போவதில்லை, அது வேறு.

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். முறையில் சேராதவர்களுக்கு இடம் கிடையாது என்ற குறை அதில் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் தன் முறைக்கு ஒருவர் வரவில்லை என்றால் அன்றைக்கே ஊருக்குத் தெரியும். என்ன ஆச்சு என்று ஆள் போகும்.

நம் குடியிருப்பில்? கேட்டில் பதிவேடு இருக்கிறது, கேமரா இருக்கிறது. யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று நிமிஷக் கணக்கோடு சொல்வோம். யார் இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்று யாருக்குத் தெரியும்? பால் பாக்கெட் பை கதவில் தொங்கினால் ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போகிறோம்.

பிள்ளைகள் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். இங்கிலாந்துக்குப் பார்வையாளர் விசாவில் பொதுவாக ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் விதியை 2012 ஜூலையில் மிகவும் இறுக்கிவிட்டார்கள். குளிக்க, உடுத்தக்கூட ஆள் துணை வேண்டும், அந்தத் துணை பிள்ளைகள் பணம் அனுப்பினாலும் சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். சென்னைப் பக்கம் இருந்துகொண்டு அதை நிரூபிப்பது லேசில் நடக்காது. போய்ப் பார்த்துவிட்டு இங்கேதான் திரும்பி வரப்போகிறோம். சாவியும் இங்கேதான் யாரிடமாவது இருக்க வேண்டும்.

அதனால் சங்கத்திடம் ஒன்று கேட்டேன், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தனியாக இருக்கும் மூத்தவர்கள், வயதான தம்பதிகள், விருப்பம் இருந்தால் மாற்றுச் சாவியை அதே தளத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். யாரிடம் என்பது அலுவலகத்தில் மூடிய உறையில் இருக்கும். காலையில் ஓர் அடையாளத்தை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். கோலம், செய்தித்தாள், வாட்ஸ்அப்பில் ஒரு வணக்கம், எதுவானாலும் சரி. வராத நாளில் முதலில் போன், பிறகு கதவு.

மறக்காமல் ஒன்று செய்யுங்கள். இரவில் நாம் கதவைப் பூட்டி, உள்ளே மேலும் கீழும் தாழ்ப்பாள் போடுகிறோம். கிரில்லுக்கு வேறு ஒரு பூட்டு. தாழ்ப்பாள் போட்டுவிட்டால் பக்கத்து வீட்டில் சாவி இருந்து பயனில்லை, கதவை உடைக்கத்தான் வேண்டும். வெளியிலிருந்தும் சாவியால் திறக்கிற நல்ல பூட்டாக ஒன்று போட்டுக்கொண்டு தாழ்ப்பாளை விட்டுவிடுங்கள். குளியலறைக் கதவையும் உள்ளே தாழ் போடாமல் சாத்தி வையுங்கள். 108-ஐயும், மூத்தோர் உதவி எண் 14567-ஐயும் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள்.

படிவம் அலுவலகத்தில் இருக்கிறது. 'ஏ' பிளாக்கில் நாலு பேர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். பூட்டு மாற்ற வேண்டியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆள் வருகிறார். கதவு எண்ணைச் செயலாளரிடம் சொல்லி வையுங்கள்.